மலைத்தடம் தப்பாமல் நடக்க: கொங்கு மலைகளில் ஏறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளியங்கிரி, ஆனைமலை, திம்பம், பர்கூர், கொல்லிமலை, கஞ்சமலை, நடுவே சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் போன்ற தனிக் குன்றுகள். கொங்கு நாட்டில் எங்கு நின்றாலும் ஒரு மலை தெரியும். அதில் நடக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கம். தடம் கண்டுபிடிப்பதைத்தான் பெரும்பாலும் பேசுகிறது.

எல்லா மலைக்கும் அனுமதி வேண்டுமா?

காப்புக்காடு என்றால் வேண்டும். அனுமதியில்லாமல் உள்ளே போவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்னிமலை, மருதமலை போன்ற கோயில் மலைகளில் படிவழியே போய் வர அனுமதி தேவையில்லை. படியை விட்டுப் பக்கவாட்டில் இறங்கினால் அது பெரும்பாலும் காப்புக்காடு. வெள்ளியங்கிரிக்குப் பொதுவாக பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள்.

மற்ற தடங்களுக்கு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய திட்டம் இது. வழிகாட்டி கூட வரும்போது வரைபடம் எதற்கு என்று கேட்பார்கள். அவர் கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் கூட்டத்தில் இன்னொருவருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வரைபடம் வாங்குவது?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். அந்தத் துறையின் இணையதளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கிலோமீட்டர். நடக்கப்போகும் பகுதியை மட்டும் வெட்டி, அளவு மாறாமல் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அச்சகத்தில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்துவிட்டால் அளவு கெட்டுப்போகும். அச்சானதும் ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

வீட்டில் பழைய டோப்போ தாள் கிடந்தால் மலையின் வடிவம் பார்க்க அது போதும். ஆனால் அதன் அடிப்படைக் கணக்கு வேறு. கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நேரடியாக அதில் குறித்தால் புள்ளி தள்ளி விழும்.

வளைந்து வளைந்து போகும் பழுப்புக் கோடுகளை எப்படிப் படிப்பது?

அவை சமஉயரக் கோடுகள். இந்தத் தாள்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர். ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும், அது 100 மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணக்காகப் பார்த்தால் இன்னும் உதவும். இரண்டு கோடுகளுக்கு இடையே 1 மி.மீ. இருந்தால் தரையில் 50 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுகிறீர்கள், ஏறத்தாழ 22 டிகிரி. மூச்சு வாங்கும், ஆனால் நடக்கலாம். அரை மி.மீ. என்றால் 38 டிகிரியைத் தாண்டிவிடும், கை ஊன்றித்தான் ஏற வேண்டும். அங்கே ஒத்தையடித் தடம் நேராகப் போகிறது என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடு மேட்டை நோக்கி 'வி' போலக் குத்தினால் அது பள்ளம். கொங்கில் பள்ளம் என்றால் குழி அல்ல, ஓடை. இறக்கத்தை நோக்கிப் புடைத்தால் கிளைமுகடு. இரண்டு மேடுகளுக்கு நடுவே இடுப்பு ஒடுங்கினதுபோல இருந்தால் கணவாய்.

இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. 15 மீட்டர் உயரப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். தாளில் ஒன்றுமே தெரியாது. கொங்கின் கரடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மொட்டைப் பாறைகள்தான். ஏறும்போது கை பிடித்து ஏறிவிடலாம், அதே இடத்தில் இறங்க முடியாது. ஏறிய வழியில் இறங்க முடியுமா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

திசைகாட்டி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அடியில் ஒளிபுகும் தகடும், சுழலும் டிகிரி வளையமும் உள்ளது நல்லது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்ததை எச்சரிக்கையாகப் பாருங்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டியில் முள்ளின் எடை அங்குள்ள காந்தப்புலத்துக்கு ஏற்பச் சமன் செய்யப்பட்டிருக்கும். நம் பகுதி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அந்த முள்ளின் தெற்கு முனை தாழ்ந்து அடியில் உரசும், சுற்றாமல் நிற்கும்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் கொங்குப் பகுதியில் ஏறத்தாழ 2 டிகிரிக்குள்தான். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 35 மீட்டர் விலகல். அதைக் கணக்கில் எடுக்காமலே நடக்கலாம். பிசகு வருவது வேறு இடத்தில். காந்த மூடி வைத்த கைபேசி உறை, இரும்புக் காப்பு, சட்டைப்பையில் சாவிக்கொத்து இவையெல்லாம் முள்ளை இழுக்கும்.

பாறையும் இழுக்கும். சேலத்துக் கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது நிறைய இருக்கிறது. அங்கே திசைகாட்டியை நம்பி ஒரு எட்டுகூட வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: தூரத்து மரம் ஒன்றுக்குக் கோணம் எடுங்கள், 60 டிகிரி என்று வைப்போம். மரத்துக்கு நடந்துபோய், கிளம்பிய இடத்தைத் திரும்பிப் பாருங்கள். 240 காட்ட வேண்டும். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாறையில் இரும்பு இருக்கிறது. திசைகாட்டியைப் பையில் போட்டுவிட்டு முகட்டையும் பள்ளத்தையும் வைத்து நடங்கள்.

சூரியனை வைத்தே திசை பார்க்கலாமே?

பார்க்கலாம். ஆனால் குளிர்நாடுகளுக்காக எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்தால் இங்கே வழி தவறும். மூன்று விஷயங்களில் நம் ஊர் வேறு.

முதலாவது, உச்சிவெயில் நிழல் வடக்கே விழும் என்ற விதி. கொங்கு ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழும். அந்த இரண்டு முனைகளையும் ஒட்டிச் சில நாட்கள் நிழலே காலடியில்தான். கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை காணும் முறையும் அதே காரணத்தால் இங்கே உதவாது. உச்சி என்பதும் 12 மணி அல்ல, மாதத்தைப் பொறுத்து 12.05-க்கும் 12.40-க்கும் இடையில் வரும்.

இரண்டாவது, மறையும் இடம். மார்ச், செப்டம்பர் 20-ஐ ஒட்டிய நாட்களில்தான் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. ஜூன் கடைசியில் 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் மறையும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்த்து, விரலுக்குக் கால்மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். சூரியன் சாய்ந்து இறங்கும் குளிர்நாடுகளுக்கு அது ஓரளவு சரி. இங்கே கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குகிறது. ஒரு விரல் 8 நிமிடம், நான்கு விரல் அரைமணி. ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தவருக்கு அரைமணியில் பொழுது விழுந்துவிடும். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தடம் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கொங்குச் சரிவு கிழக்கே பார்த்திருப்பதால், முகட்டுக்குப் பின்னால் சூரியன் இன்னும் முன்னதாகவே போய்விடும்.

இரவில் நட்சத்திரம்?

துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரம்தான், நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு. மரமோ மலையோ மறைத்துவிடும். இரவில் திசை தெரிந்தாலும் நடக்காமல் இருப்பதே நல்லது.

கைபேசி இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

கைபேசியும் தேவைதான். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, மலையடிவாரத்திலேயே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது. கிளம்பும் இடத்தையும் ஒவ்வொரு பிரிவையும் புள்ளியாகச் சேமியுங்கள். ஆயத்தொலை எண்ணில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில்) நான்காவது தசமம் 11 மீட்டர், அதற்குமேல் உள்ள இலக்கங்களை நம்ப வேண்டியதில்லை. அடர்ந்த சோலைக்குள்ளும், உயர்ந்த பாறைச் சுவருக்கு அடியிலும் புள்ளி தாவித் தாவி நிற்கும். அப்போது நாலு எட்டு வைத்து வெட்டவெளிக்கு வந்து பாருங்கள்.

கார் ஓட்ட உதவும் செயலிகள் மலைத்தடத்துக்கு ஆகாது. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் வண்டித்தடத்தைப் பொதுவழி என்று காட்டி, பூட்டிய கேட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஊர்க்காரரிடம் வழி கேட்பதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. "இந்தத் தடம் சுனைக்குப் போகுமுங்களா?" என்று கேட்டால் "போகுமுங்க" என்றுதான் பதில் வரும். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது இங்கே பழக்கமில்லை, அந்தத் தடமும் எங்கேயோ சுற்றிச் சுனைக்குப் போகத்தான் செய்யும். "ஏனுங்ணா, சுனைக்கு எப்புடிங்க போகோணும்?" என்று கேளுங்கள். அவரே சொல்லட்டும்.

கொங்கில் பெரும்பாலும் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். வடக்கால, தெக்கால, மேக்கால, கெழக்கால என்பார்கள். "பாறைக்கு மேக்கால போயி, பள்ளத்தைத் தாண்டி, அக்கட்டால ஏறோணும்." இது திசைகாட்டி வைத்திருப்பவருக்குக் கிடைத்த வரம். அந்த இடத்திலேயே தாளை விரித்து, பாறையும் பள்ளமும் சொன்ன வரிசையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். வந்தால் இரண்டு சாட்சி. வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். "கூப்பிடு தூரந்தானுங்க" என்பது மேடு பள்ளத்தைச் சேர்க்காத கணக்கு. "இப்பக் கெளம்புனா எப்பப் போய்ச் சேருவீங்க?" என்று கேட்டு, வரும் பதிலை இரட்டிப்பாக்குங்கள். ஆடு மேய்ப்பவரும் விறகுக்குப் போகும் அம்மாக்களும் தினமும் ஏறுகிற கால்கள்.

மேலும் இரண்டு கேள்விகள் கட்டாயம்: "கடைசியா அந்தப் பக்கம் ஆரு போனாங்க, எப்பங்க?", "ஆனை நேத்து எங்கீங்க இருந்துச்சு?" முதல் பதிலில் தடம் உயிரோடு இருக்கிறதா, உண்ணிச்செடி மூடிவிட்டதா என்று தெரியும். இரண்டாவது பதிலைக் கேட்டுவிட்டுப் பயணத்தையே தள்ளிவைக்க வேண்டியும் வரலாம். இருளர் பதிகளிலும், சோளகர், ஊராளி ஊர்களிலும் "போகாதீங்க" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்டு வாதாடாதீர்கள். திரும்பிவிடுங்கள்.

இடப்பெயரை வைத்து வழி தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். சுனை என்று முடிந்தால் பாறையில் தண்ணீர் நிற்கும் இடம், ஆனால் மாசி, பங்குனியில் வற்றியிருக்கலாம். கரடு என்றால் சின்னப் பாறை மலை. பட்டி என்றால் மாடு அடைத்த, அடைக்கிற இடம். பர்கூர் மலையில் பட்டியைப் பார்த்தால் மாட்டுத்தடம் பக்கத்தில் இருக்கிறது. இட்டேரி என்பது இருபுறமும் வேலி வைத்த பழைய நடைவழி. அடிவாரத்தில் இட்டேரியைப் பிடித்தால் ஊரைப் பிடித்த மாதிரி.

திம்பத்துக்கு மேலே, தாளவாடிப் பக்கம் பெயர்கள் கன்னடத்தில் பேசும். பெட்டா என்றால் மலை, ஹள்ளா என்றால் ஓடை, கெரே என்றால் ஏரி. டாப்ஸ்லிப், வால்பாறைக்கு மேற்கே மலையாளச் சாயல் வரும். தோடு ஓடை, முடி சிகரம். தாளில் எழுத்து மாறியிருந்தாலும் வாயால் சொல்லிப் பார்த்தால் பொருள் புரியும்.

எது மனிதத் தடம், எது ஆனைத்தடம்?

இந்தக் காடுகளில் வழி தவறுவதற்கு ஆனைத்தடம் ஒரு பெரிய காரணம், ஏனென்றால் அது நன்றாக இருக்கும். அகலம், மிதமான ஏற்றம், முகட்டைக் கணவாயில் சரியாகக் கடக்கும். நம் தடத்தைவிட வசதியாகத் தெரியும். ஆனால் அது ஊருக்குப் போகாது. தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும்தான் போகும்.

தலைக்கு மேலே, எட்டடி உயரத்திலும் கிளைகள் ஒடிந்து விலகியிருந்தால் ஆனை. மரத்தில் இடுப்புக்கு மேலே சேறு பூசியிருந்தால் ஆனை உரசியது. மனிதத் தடத்தில் கத்தி வெட்டிய தண்டு இருக்கும், வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில் இருக்கும். கல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். மனிதர் மட்டும் நடக்கும் தடத்தில் கிளைகள் ஆள் உயரத்துக்கு மேலே கோத்துக்கொண்டிருக்கும்.

ஆனைச் சாணம் (லத்தி) உள்ளே சூடாக இருந்தாலோ, ஒடிந்த கிளையில் பால் இன்னும் ஈரமாக வடிந்தாலோ ஆனை பக்கத்தில் இருக்கிறது. பேசாமல், வந்த வழியே திரும்புங்கள். உண்ணிப் புதருக்குள் ஐந்தடி தள்ளி ஆனை நின்றாலும் தெரியாது.

மாட்டுத்தடம் உதவும், படிக்கத் தெரிந்தால். மேய்ச்சல் காட்டில் தடம் விசிறிபோலப் பிரிந்திருக்கும், பட்டியை நெருங்க நெருங்கச் சேர்ந்து தடிமனாகும். எனவே பிரிவு 'ஒய்' போலத் தெரிந்தால், கால் இருக்கும் பக்கம் ஊர் அல்லது தண்ணீர், கைகள் இருக்கும் பக்கம் காடு. பட்டியோ தண்ணீரோ மேலே இருந்தால், ஏறும்போது ஒரே தடமாகத் தெரிந்தது இறங்கும்போது இரண்டாகத் தெரிவதும் இதனால்தான். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பி, வந்த வழி எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. வெள்ளியங்கிரிக்கு ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர் அளவு என்று வைத்தால் 3 மணி 12 நிமிடம். நம் வெயிலுக்கும் கல்படிக்கும் ஒன்றரை மடங்கு ஆக்குங்கள், ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. இறக்கத்தைப் பாதி என்று போடாதீர்கள், முழங்கால் முக்கால் பங்கு கேட்கும்.

கொல்லிமலை ஆகாயகங்கை இதற்கு நேர்மாறு. முதலில் ஆயிரம் படிகளுக்கு மேல் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். அங்கே திரும்பும் நேரத்தை அருவியில் அல்ல, மேலே இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

தூரத்தை எண்ண, இடதுகால் ஊன்றுவதை மட்டும் எண்ணுங்கள். சமதளத்தில் 100 மீட்டருக்கு 60 முதல் 65 வரும், ஏற்றத்தில் 80-ஐத் தாண்டும். நூறு மீட்டருக்கு ஒரு புளியங்கொட்டையை ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றினால் கணக்கு விடாது.

மூடுபனி இறங்கிவிட்டால்?

நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தைத் தாளில் குறியுங்கள். நடக்கத்தான் வேண்டும் என்றால் நேராக இலக்கைக் குறிவைக்காதீர்கள். வடக்கு தெற்காக ஓடும் பள்ளத்தின் மேல் உள்ள பாலம்தான் இலக்கு என்றால், வேண்டுமென்றே நூறு மீட்டர் தெற்கே தள்ளிப் பள்ளத்தை அடையுங்கள். அப்போது பாலம் வடக்கே என்று சந்தேகமில்லாமல் தெரியும். நேராகக் குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது.

மழை?

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழைக்குப் பள்ளத்தில் வெள்ளம் வரும். மேற்கு முகடு கருத்திருந்தால் பள்ளத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். தெளிந்த தண்ணீர் செந்நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்காமல் காத்திருங்கள், சின்னப் பள்ளம் சில மணி நேரத்தில் வடியும். சித்திரை, வைகாசிக் கோடைமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு வரும். ஒரு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

காட்டுத்தீ காலத்தில் ஏன் மூடுகிறார்கள்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். திருப்பூர், ஈரோட்டிலிருந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும் மனிதரைவிட வேகமாக ஏறும். புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். புல் இல்லாத மொட்டைப் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ பக்கவாட்டில் நகருங்கள். மூடியிருக்கும் காலத்தில் குறுக்குவழி சொல்லி அழைத்துப்போவதாகச் சொல்பவரோடு போகாதீர்கள்.

வழி தவறிவிட்டோம் என்று தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது?

உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு வந்த தடத்திலேயே, கடைசியாக உறுதியாகத் தெரிந்த பிரிவுக்குத் திரும்புங்கள். பள்ளத்தைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பது சமவெளிக்குச் சரி. மலையில் பள்ளம் பாறை விளிம்பில் அருவியாக விழும், பக்கங்களில் ஏறவும் முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஆனை தண்ணீருக்கு வருவதும் அங்கேதான். முகட்டில் நில்லுங்கள், சிக்னலும் அங்கேதான் கிடைக்கும்.

112-ஐ அழையுங்கள், உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் வழியாகப் போகக்கூடும். பேச முடியாவிட்டால் ஆயத்தொலை எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், பேச்சு போகாத இடத்திலும் செய்தி போகும். விசில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. பொழுதோட ஆகிவிட்டால் தேடி அலையாமல் பாறை மறைவில், தண்ணீரிலிருந்தும் ஆனைத்தடத்திலிருந்தும் விலகி விடியும்வரை இருங்கள்.

எங்கே பழகுவது?

சென்னிமலைப் படிவழி நல்ல பள்ளிக்கூடம். 1,320 படி, ஒரு படி சராசரி 15 செ.மீ. என்றால் 198 மீட்டர், தாளில் ஏறத்தாழ பத்துக் கோடு. ஒவ்வொரு 130 படிக்கும் நின்று, எத்தனையாவது கோட்டில் இருக்கிறோம் என்று விரல் வையுங்கள். மேலே போனதும் சுற்றிலும் தெரியும் மலைகளுக்குக் கோணம் எடுத்துப் பெயர் கண்டுபிடியுங்கள். ஆடி மாதத்தில் சமவெளியின் காற்றாலைகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்கொண்டு எல்லாம் மேற்கே முகம் திருப்பி நிற்கும்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

எந்த மலை, எந்த அடிவாரம், எத்தனை பேர், வண்டி நிறுத்தும் இடம், வண்டி எண், எத்தனை மணிக்குள் போன் செய்வோம், செய்யாவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைக்க வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இறங்கியதும் டீ குடிப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்துவிடுங்கள். மறந்தால், நீங்கள் வீடு போய்த் தூங்கும்போது உங்களைத் தேடி ஊர்க்காரர்களும் வனக்காவலர்களும் இருட்டில் ஆனைக்காட்டுக்குள் ஏறிக்கொண்டிருப்பார்கள்.